ஸ்டார்ட்டர் வாங்கறதுக்கு முன்னாடி மோட்டார் நேம் பிளேட்டை ஒரு தடவ படிச்சிருங்க

ஸ்டார்ட்டர்னு பேரு வெச்சாங்க பாருங்க, அதுலயே பாதி குழப்பம் ஆரம்பிச்சிருது. பேரைக் கேட்டா மோட்டாரை ஓட வைக்கற பொட்டின்னு தான் தோணும். ஓட வைக்கறதுக்கு மட்டும்னா ஒரு தடியான சுவிட்ச் போதும்ங்க, தட்டுனா ஓடிட்டுப் போகுது. அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற சாமான்ல முக்காவாசி, மோட்டாரை எப்ப நிறுத்தணும், நின்னதுக்கப்புறம் எப்ப அதுவா ஓட விடக்கூடாதுங்கறதுக்குத்தான் இருக்கு. இதை மனசுல வெச்சுக்கிட்டா எந்த ஸ்டார்ட்டர் வேணும்ங்கற கேள்வி பாதி தீர்ந்துரும். இல்லேன்னா ஹெச்பி மட்டும் சொல்லி ஒண்ணை வாங்கிட்டு வந்து மாட்டி, கொஞ்ச நாள்ல வைண்டிங் கருகுன வாசனையோட நிக்கணும்.

மொதல்ல மோட்டார் கிளம்பும்போது என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். நான் பேசறது சாதாரண இண்டக்ஷன் மோட்டாரைப் பத்தி, பம்பு, கம்ப்ரசர், டிரில்லிங் மெஷின், பெரிய ஃபேன்னு பெரும்பாலும் மாட்டியிருக்கறது அதுதான். ஸ்டேட்டர், அதாவது சுத்தாம நிக்கற வெளிப் பாகம், அதோட வைண்டிங்ல கரண்ட் போனதும் காந்தப்புலம் சுத்த ஆரம்பிச்சிரும், ஆனா சுத்த வேண்டிய உள் பாகமான ரோட்டார் அந்த நொடில அசையாம நின்னுட்டிருக்கும். சுத்தற புலத்துக்கும் நிக்கற ரோட்டாருக்கும் வேக வித்தியாசம் அப்பதான் ரொம்ப அதிகம், அதனால ரோட்டாருக்குள்ள தூண்டப்படற கரண்டும் அப்பதான் அதிகம், அதுக்கு ஈடா ஸ்டேட்டரும் லைன்ல இருந்து இழுக்கும். செகண்டரிய ஷார்ட் பண்ணி வெச்ச டிரான்ஸ்ஃபார்மர் மாதிரின்னு நெனச்சுக்கோங்க. நேம் பிளேட்ல 5 ஆம்ப்ஸ் போட்டிருக்குன்னா கிளம்பற நேரத்துல 25ல இருந்து 40 ஆம்ப்ஸ் வரைக்கும் போகும், அதாவது 5ல இருந்து 8 மடங்கு. வேகம் ஏற ஏற அது இறங்கி வந்துரும்.

லோடு இல்லாம கிளப்புனா இந்த இழுப்பு குறையும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. குறையாதுங்க. ரோட்டார் நிக்குது, அவ்வளவுதான் மோட்டாருக்குத் தெரியும், ஷாஃப்ட்ல என்ன மாட்டியிருக்குன்னு அந்த நொடில அதுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் இழுக்குதுங்கறது தான் லோடை வெச்சு மாறும். வெறும் ஷாஃப்ட்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், கனமான ஃப்ளைவீலோ பெரிய ஃபேனோ மாட்டியிருந்தா பல செகண்டு நீளும்.

இப்ப சிக்கல் என்னன்னு பாருங்க. கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்டை சில செகண்டு பொறுத்துக்கணும், ஆனா ஓடும்போது கால்பங்கு கூடுதலா ஒரு மணிநேரம் போனா பொறுத்துக்கக் கூடாது, ஏன்னா அந்தக் கால்பங்குல தான் வைண்டிங் மெதுவா வெந்து போகும். சாதா ஃபியூஸுக்கோ எம்சிபிக்கோ (கரண்ட் கூடுனா தானா விழற சுவிட்ச்) இந்த ரெண்டையும் சேத்து செய்யற புத்தி கிடையாது. அதுக்குத்தான் ஓவர்லோட் ரிலேன்னு ஒண்ணு ஸ்டார்ட்டருக்குள்ள உக்காந்திருக்கு, அதைப் பத்தி பின்னாடி விரிவா வரேன்.

சரி, நேம் பிளேட்டுக்கு வருவோம். ஹெச்பிங்கறது மோட்டார் ஷாஃப்ட்ல வெளிய கொடுக்கற பவர், 1 ஹெச்பி 746 வாட்ஸ். அது லைன்ல இருந்து எவ்வளவு ஆம்ப்ஸ் இழுக்கும்ங்கறது வோல்டேஜ், பேஸ், பவர் ஃபேக்டர், எஃபிஷியன்சி எல்லாத்தையும் பொறுத்தது. 230 வோல்ட் சிங்கிள் பேஸ்ல 1 ஹெச்பி மோட்டார் சுமாரா 6, 7 ஆம்ப்ஸ் எடுக்கும். அதே 1 ஹெச்பி 415 வோல்ட் த்ரீ பேஸ்னா சுமாரா 2 ஆம்ப்ஸ் தான். 5 ஹெச்பி த்ரீ பேஸே ஏழரை ஆம்ப்ஸ் கிட்ட தான் வரும். அதாவது சிங்கிள் பேஸ் ஒத்த ஹெச்பியும் த்ரீ பேஸ் அஞ்சு ஹெச்பியும் ஆம்ப்ஸ்ல ஏறக்குறைய அண்ணன் தம்பி. அதனால ஹெச்பிய மட்டும் சொல்லி ஸ்டார்ட்டர் கேக்கறது, செருப்பு சைஸ் சொல்லாம வயசை சொல்லி செருப்பு கேக்கற மாதிரி. வோல்டேஜ், பேஸ், ஆம்ப்ஸ் மூணையும் நேம் பிளேட்ல பாத்து எழுதிக்கோங்க, முடிஞ்சா போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா கொஞ்ச வருஷத்துல அந்தத் தகடு எண்ணெயும் பெயிண்டும் ஏறி படிக்க முடியாம போயிரும்.

சில தகடுல ரெண்டு வோல்டேஜ் ரெண்டு ஆம்ப்ஸ் இருக்கும், 230/400 வோல்ட், 3.5/2.0 ஆம்ப்ஸ்ங்கற மாதிரி. ஸ்டார், டெல்டாங்கறது மூணு வைண்டிங்கையும் சேத்துக் கட்டற ரெண்டு விதம். டெல்டால கட்டி 230 கொடுத்தா 3.5, ஸ்டார்ல கட்டி 400 கொடுத்தா 2.0ன்னு அர்த்தம். உங்க மோட்டார் டெர்மினல் பாக்ஸ்ல எப்படி கட்டியிருக்கோ அதுக்கு உண்டான நம்பரை எடுக்கணும், பெருசா இருக்கறதை எடுத்துட்டா பாதுகாப்புன்னு நெனச்சு 3.5 எடுத்தீங்கன்னா ஓவர்லோட் ரிலே இருந்தும் இல்லாத கதை தான்.

சிங்கிள் பேஸ் மோட்டார்ல இன்னொரு குழப்பம் இருக்கு, கெப்பாசிட்டர். சிங்கிள் பேஸ் கரண்ட் தனியா சுத்தற காந்தப்புலத்தை உண்டாக்காது, முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். அதனால ஸ்டார்ட்டிங் வைண்டிங்னு தனியா ஒண்ணு போட்டு, கெப்பாசிட்டர் வழியா அதோட கரண்டை கொஞ்சம் முன்ன தள்ளி, ஒரு பக்கமா சுத்தறதுக்கு உந்து கொடுக்கறாங்க. நிறைய மோட்டார்ல வேகம் முக்கால்வாசி வந்ததும் உள்ள இருக்கற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அந்த ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை கழட்டி விட்டுரும், நிறுத்தும்போது டக்குன்னு ஒரு சத்தம் கேக்குமே, அந்த சுவிட்ச் திரும்ப ஒட்டற சத்தம் தான் அது.

இதுல பாத்துக்க வேண்டியது, கெப்பாசிட்டர் மோட்டார் முதுகுலயே இருக்கா, இல்லையா. முதுகுல இருந்தா உங்களுக்கு வேண்டியது வெறும் ஸ்டார்ட்டர். இல்லேன்னா, சப்மெர்சிபிள் பம்புல பெரும்பாலும் அப்படித்தான், கெப்பாசிட்டரோட சேந்த பேனல் பொட்டி வேணும், அதுல இருக்கற மைக்ரோஃபாரட் அளவு மோட்டார் கம்பெனி சொன்ன அளவோட ஒத்துப் போகணும். கூட இருந்தா நல்லதுன்னு கிடையாது, அளவு மாறுனா மோட்டார் உறுமும், சூடாகும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது. ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் ரன் கெப்பாசிட்டரும் வேற வேற ஜாதி, ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சில செகண்டு மட்டும் லைன்ல இருக்கறதுக்குன்னு செஞ்சது, அதைக் கொண்டு போய் ரன் இடத்துல மாட்டுனா உப்பி வெடிச்சிரும். அப்புறம் சப்ளைய ஆஃப் பண்ணுனதுக்கப்புறமும் கெப்பாசிட்டருக்குள்ள சார்ஜ் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணாம கை வெக்காதீங்க.

ரொம்ப சின்ன மோட்டாருக்கு ஸ்டார்ட்டரே வேணுமான்னு கேட்டா, கால் ஹெச்பி, அரை ஹெச்பி ஃபேன், சின்ன பம்பு மாதிரி விஷயத்துக்கு உள்ளயே தெர்மல் ப்ரொடெக்டர் இருந்தா ஒரு நல்ல சுவிட்ச்சும் எம்சிபியும் போதும்ங்கறது என் கட்சி. ஆனா அதே அரை ஹெச்பி மோட்டார் ஒரு வட்ட ரம்பத்துலயோ கிரைண்டிங் வீல்லயோ இருந்தா கதையே வேற. கரண்ட் போகுது, மெஷின் நின்னுருது, நீங்க சுவிட்ச்சை ஆஃப் பண்ண மறந்துட்டு பிளேடு கிட்ட கையை விட்டு மாட்டிக்கிட்ட துண்டை எடுக்கறீங்க, அந்த நேரம் பாத்து கரண்ட் வருது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வெட்டற, அறுக்கற, அழுத்தற எந்த மெஷினுக்கும் ஹெச்பி எவ்வளவு சின்னதா இருந்தாலும் நோ வோல்ட் பாதுகாப்பு, அதாவது போன கரண்ட் திரும்ப வந்தா மோட்டார் அதுவா ஓடாம இருக்கற பாதுகாப்பு உள்ள ஸ்டார்ட்டர் இல்லாம இருக்கக் கூடாது.

அந்த நோ வோல்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா டிஓஎல் ஸ்டார்ட்டர் முழுசும் புரிஞ்சிரும். டிஓஎல்னா டைரக்ட் ஆன் லைன், லைன் வோல்டேஜை அப்படியே மோட்டாருக்கு கொடுக்கறது. உள்ள காண்டாக்டர்னு ஒண்ணு, அது ஒரு காந்த சுவிட்ச். காயிலுக்கு கரண்ட் போனா இரும்பு இழுக்கப்பட்டு மெயின் காண்டாக்ட் ஒட்டும், மோட்டாருக்கு சப்ளை போகும். நீங்க பச்சை பட்டனை அமுக்கும்போது காயிலுக்கு கரண்ட் போகுது. விரலை எடுத்ததும் பட்டன் திறந்துருமே, அப்புறம் எப்படி ஓடிட்டே இருக்கு? காண்டாக்டர் இழுத்தப்ப அதோட சேந்து பக்கத்துல ஒரு குட்டி காண்டாக்ட்டும் மூடியிருக்கும், அதை பச்சை பட்டனுக்கு பேரலலா கட்டியிருப்பாங்க. அதாவது காயில் தன்னோட காண்டாக்ட் வழியாவே தனக்கு கரண்ட் எடுத்துக்கிட்டு நிக்குது. சிவப்பு பட்டனை அமுக்குனாலும் சரி, ஓவர்லோட் ரிலே திறந்தாலும் சரி, மெயின்ல கரண்ட் போனாலும் சரி, காயில் விட்டுரும், குட்டி காண்டாக்ட் திறந்துரும், திரும்ப கரண்ட் வந்தாலும் யாராவது வந்து பச்சை பட்டனை அமுக்குனா தான் உண்டு. தனியா எந்தக் கருவியும் இல்லாம, கட்டுன விதத்துலயே பாதுகாப்பு வந்துருச்சு பாத்தீங்களா, மொதல் தடவ இதை பேப்பர்ல வரைஞ்சு பாத்தப்ப எனக்கு ஒரு நாள் பூரா சந்தோஷம்.

காயில் வோல்டேஜை மட்டும் கேட்டு வாங்குங்க. 230 வோல்ட் காயில்னா ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல, 415 காயில்னா ரெண்டு பேஸுக்கு நடுவுல. 230 காயிலை ரெண்டு பேஸ்ல கொடுத்தா கருகிரும், 415 காயிலுக்கு 230 கொடுத்தா இழுக்காம கிர்ருன்னு கத்தும். சப்ளை வோல்டேஜ் அடிக்கடி இறங்கற இடம்னா இன்னொன்னும் ஞாபகம் வெச்சுக்கோங்க, காண்டாக்டர் காயில் அதோட வோல்டேஜ்ல 85 சதவீதத்துக்கு மேல இருந்தா இழுக்கும்னு தான் ஸ்டாண்டர்ட்ல உத்தரவாதம், அதுக்குக் கீழ ஒட்டியும் ஒட்டாமயும் டகடகன்னு அடிச்சுக்கும், காண்டாக்ட் முனையெல்லாம் கருகும். ஸ்டார்ட்டர் கெட்டுப்போச்சுன்னு திட்டாம அந்த நேரத்துல வோல்டேஜை அளந்து பாருங்க.

காண்டாக்டர் சைஸ்ல நான் ஒரு தடவ நல்லா ஏமாந்திருக்கேன். 11 ஆம்ப்ஸ் மோட்டார், காண்டாக்டர் உடம்புல 25ன்னு பெருசா போட்டிருந்துச்சு, ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே இதுக்கு மேல என்ன வேணும்னு மாட்டிட்டேன். சில மாசம் கழிச்சு சிவப்பு பட்டனை அமுக்கறேன், மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. திரும்ப அமுக்கறேன், ம்ஹூம். கடைசில மெயினை இறக்கிட்டு திறந்து பாத்தா காண்டாக்ட் முனை ஒண்ணோட ஒண்ணு வெல்டிங் ஆகி ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த 25ங்கறது ஏசி-1 ரேட்டிங், அதாவது ஹீட்டர் மாதிரி நோகாம கரண்ட் எடுக்கற லோடுக்கு. மோட்டாருக்கு பாக்க வேண்டியது ஏசி-3, அது பக்கவாட்டுல சின்ன எழுத்துல 9ன்னு இருந்துச்சு. ஒரே காண்டாக்டர், ரெண்டு நம்பர், கண்ணுக்கு மொதல்ல படறது வேண்டாத நம்பர். மோட்டாரை தட்டித் தட்டி ஓட்டற வேலை, அதாவது கொஞ்சம் ஓட்டி நிறுத்தி கொஞ்சம் ஓட்டி, இல்ல ஓடும்போதே திசை மாத்தற வேலைன்னா ஏசி-3 கூட பத்தாது, ஏசி-4 நம்பரைப் பாக்கணும், அது இன்னும் சின்னதா இருக்கும்.

ஓவர்லோட் ரிலே. என்னைக் கேட்டா ஸ்டார்ட்டர்ல இதுதான் உயிர், ஆனா இதைத்தான் யாரும் மதிக்கறதில்ல. பைமெட்டல் பட்டை, ரெண்டு உலோகம் ஒட்டுனது, சூடானா வளையும். மோட்டாருக்குப் போற கரண்ட் இதோட ஹீட்டர் வழியா போகும், மோட்டார் சூடாகற வேகத்துல இதுவும் சூடாகி வளைஞ்சு, காயில் லைன்ல இருக்கற ஒரு காண்டாக்ட்டை திறந்து விட்டுரும். கிளம்பற நேரத்து ஆறு மடங்கு இழுப்பு சில செகண்டுல முடிஞ்சிட்டா பட்டை வளையறதுக்கு நேரம் இருக்காது, பொறுத்துக்கும். செட்டிங்கை விட 5 சதவீதம் கூட போனா ரெண்டு மணிநேரத்துக்குள்ள ட்ரிப் ஆகக் கூடாது, 20 சதவீதம் கூட போனா ரெண்டு மணிநேரத்துக்குள்ள கண்டிப்பா ஆகணும், இதுதான் ஐஇசிங்கற சர்வதேச மின் தர அமைப்போட ஸ்டாண்டர்ட்ல இருக்கற கணக்கு. கிளாஸ் 10ன்னு போட்டிருந்தா 7.2 மடங்கு கரண்ட்ல 10 செகண்டுக்குள்ள திறந்துரும்னு அர்த்தம், பம்பு, கம்ப்ரசருக்கு அதுவே சரி. கனமான ஃபேன் மாதிரி கிளம்பவே பத்து பன்னெண்டு செகண்டு எடுக்கற லோடுன்னா கிளாஸ் 20 பாக்கணும், இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் பாதி வேகத்துல ட்ரிப் ஆகி உயிரை வாங்கும்.

ரிலே வாங்கும்போது உங்க மோட்டார் ஆம்ப்ஸ் அதோட ரேஞ்சுக்கு நடுவுல வர்ற மாதிரி எடுங்க. ஏழரை ஆம்ப்ஸ் மோட்டாருக்கு 6ல இருந்து 10 வரைக்கும் உள்ளது ஓகே. 9ல இருந்து 15 வரைக்கும் உள்ளதை மாட்டி கீழ் முனைல வெச்சுக்கலாம்னா முடியாது, 9 ஆம்ப்ஸ்லயே 20 சதவீதம் கூடுதல் ஆகிப்போச்சு. டயலை நேம் பிளேட் ஆம்ப்ஸ்ல வைங்க. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு டயலை மெல்ல கூட்டி வெக்கறது ஒரு பரவலான வியாதி, காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை ஒடைக்கற மாதிரி தான் அது. பேரிங் இறுகியிருக்கலாம், பெல்ட் டைட்டா இருக்கலாம், வோல்டேஜ் இறங்கியிருக்கலாம், அதைப் பாக்கணும். ரீசெட் மேனுவலா ஆட்டோவான்னு ஒரு குமிழ் இருக்கும், மேனுவல்ல வைங்க. பட்டனுக்குப் பதிலா பிரஷர் சுவிட்ச்சோ ஃப்ளோட் சுவிட்ச்சோ போட்டிருக்கற மோட்டார்ல ஆட்டோ வெச்சா, சூடாகி நின்னு, ஆறி, திரும்ப ஓடி, திரும்ப சூடாகின்னு வைண்டிங் தீர்ற வரைக்கும் நிக்காது.

சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு மூணு போல் ரிலே (பேஸுக்கு ஒண்ணா மூணு பாதை உள்ளது) மாட்டுனா கரண்ட் மூணு போல் வழியாவும் போற மாதிரி தொடரா கட்டணும். ரெண்டுல மட்டும் கொடுத்து ஒண்ணை சும்மா விட்டா, ஒரு பேஸ் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு பல ரிலே சீக்கிரமே ட்ரிப் ஆகும். அந்த புத்தி அதுக்கு இருக்கறது த்ரீ பேஸ் மோட்டாருக்கு நல்லதுக்குத்தான். ஓடிட்டிருக்கும்போது ஒரு ஃபியூஸ் போச்சுன்னா மோட்டார் நிக்காது, மிச்ச ரெண்டு பேஸ்லயே இழுத்துப் பிடிச்சு ஓடும், அந்த ரெண்டுல கரண்ட் சுமாரா 1.7 மடங்கு ஆயிரும், நிறைய த்ரீ பேஸ் மோட்டார் எரியறது இப்படித்தான். பேஸ் போனா நிறுத்தற ரிலேயா பாத்து வாங்குங்க, இல்ல சிங்கிள் பேஸிங் ப்ரிவென்ட்டர்னு தனியா மாட்டுங்க.

ஒண்ணு மறந்துராதீங்க, ஓவர்லோட் ரிலே ஷார்ட் சர்க்யூட்டைத் தடுக்காது, பட்டை சூடாகறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி ஃபியூஸோ எம்சிபியோ கட்டாயம். எம்சிபில சி கர்வ்ங்கற வகை அதோட ரேட்டிங் ஆம்ப்ஸ்ல 5ல இருந்து 10 மடங்குக்குள்ள உடனே விழும், டி கர்வ் 10ல இருந்து 20 மடங்கு. ஏழரை ஆம்ப்ஸ் மோட்டார் கிளம்பும்போது 50, 60ன்னு இழுக்கும், சி 10 போட்டா அது 50லயே விழ வாய்ப்பிருக்கு, அதனால டி 10 இல்ல ஒயர் தாங்குதான்னு பாத்துட்டு சி 16. ஓவர்லோடும் ஷார்ட்டும் ரெண்டையும் ஒரே கட்டைல பாத்துக்கற எம்பிசிபின்னு ஒண்ணு இருக்கு, இடம் கம்மியா இருக்கற பேனல்ல எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனா வெறும் எம்பிசிபில நோ வோல்ட் கிடையாது, கூட ஒரு காண்டாக்டரோ அண்டர் வோல்டேஜ் காயிலோ சேத்துக்கணும்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது ஸ்டார்ல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்தறது, அது போட்டா நல்லதுன்னு யாராவது சொல்லுவாங்க. சின்ன மோட்டாருக்கு வேண்டாம்ங்க. ஸ்டார்ல கிளப்பும்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 58 சதவீத வோல்டேஜ் தான் கிடைக்கும், லைன் கரண்ட் மூணுல ஒரு பங்கா குறையும், அது நல்லது தான், ஆனா டார்க்கும், அதாவது ஷாஃப்டை சுத்தற விசையும், மூணுல ஒரு பங்கா குறையும். காத்து நிறைஞ்ச கம்ப்ரசரை அந்த டார்க்ல கிளப்ப முடியாது, உக்காந்து உறுமும். அதுபோக மோட்டார்ல ஆறு முனையும் வெளிய வந்திருக்கணும், உங்க லைன் வோல்டேஜ்ல டெல்டால ஓடறதுக்குன்னு செஞ்ச மோட்டாராவும் இருக்கணும். முன்ன சொன்ன 230/400 தகடு மோட்டாரை 400 வோல்ட் லைன்ல ஸ்டார் டெல்டா போட்டு டெல்டாவுக்கு மாத்துனீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சுது. எத்தனை ஹெச்பி வரைக்கும் டிஓஎல்ல ஓட்டலாம்னு மின்சாரம் கொடுக்கறவங்க விதி வெச்சிருப்பாங்க, அந்த எல்லைக்குள்ள இருந்தா டிஓஎல் தான், யோசிக்கவே வேண்டாம்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் தைரிஸ்டர்ங்கற எலக்ட்ரானிக் சுவிட்ச் வெச்சு வோல்டேஜை மெல்ல ஏத்தும், பெல்ட்டும் பைப்பும் அதிர்ச்சி இல்லாம கிளம்பும், ஆனா டார்க் வோல்டேஜோட வர்க்கத்துல குறையும்ங்கறதை மறக்கக் கூடாது, 80 சதவீத வோல்டேஜ்ல 64 சதவீத டார்க் தான். விஎஃப்டி, அதாவது வேரியபிள் ஃப்ரீக்வன்சி டிரைவ், ஃப்ரீக்வன்சியையும் சேத்து மாத்தறதால கம்மி கரண்ட்லயே நல்ல டார்க் கொடுக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம், சின்ன சைஸ்ல சிங்கிள் பேஸ் உள்ள வாங்கி த்ரீ பேஸா வெளிய கொடுக்கறதும் கிடைக்குது. கெப்பாசிட்டர் வெச்ச சிங்கிள் பேஸ் மோட்டார்ல மட்டும் சாதா விஎஃப்டிய மாட்டிராதீங்க. வேகம் மாத்தற தேவை இல்லேன்னா இது எதுவும் வேணாம்.

தூசி, தண்ணி தெறிக்கற இடம்னா பொட்டி ஐபி 54, 55 மாதிரி இருக்கட்டும், ஒயர் நுழையற ஓட்டைல ஒயரைச் சுத்தி இறுக்கி அடைக்கற கிளாண்ட் போடாம விட்டா அந்த நம்பருக்கு அர்த்தம் இல்ல.

மாட்டி முடிச்சதும் மூடிய மூடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துருங்க. மோட்டாரை ஓட விட்டு மெயினை இறக்கி ஏத்துங்க, அதுவா ஓடக் கூடாது. ரிலேல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, மோட்டார் நிக்கணும், நிக்கலேன்னா காயில் ஒயர் ரிலே காண்டாக்ட் வழியா போகாம நேரா போயிருக்கு, இது ரொம்ப சகஜமா நடக்கற தப்பு. அப்புறம் முழு லோடுல ஓடும்போது கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பேஸ்லயும் மாட்டிப் பாத்து நேம் பிளேட் நம்பருக்கு பக்கத்துல எழுதி, அந்தச் சீட்டை மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ட்ரிப் ஆகும்போது ஒப்பிட்டுப் பாக்க அந்த மூணு நம்பர் தான் உதவும்.